108-ம் பக்கம், 9-வது வரி

லண்டன் போகிறவர்கள் அரண்மனை வாசலில் சிப்பாய்கள் டியூட்டி மாறுவதைப் பார்ப்பார்கள். மெழுகு பொம்மையின் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக் கொள்வார்கள். ஆபீஸ் வேலையாகப் போயிருந்த எனக்கு மிச்சம் கிடைத்தது ஒரு சனிக்கிழமையும் ஞாயிறு காலையும்தான். அந்த ஒன்றரை நாளை நான் ஒரு வெங்காயத்துக்காகச் செலவழித்தேன்.

சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

மனசைப் படிக்கும் வித்தைகளில் ரொம்ப சுலபமான ஒன்று உண்டு. மேடை வேண்டாம், கறுப்புக் கோட்டு வேண்டாம், புறா வேண்டாம். சாதாரணப் புத்தகம் ஒன்று போதும். புத்தகத்தை உங்களிடம் கொடுத்துவிட்டு நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வேன். நீங்கள் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, ஏதோ ஒரு வரியில் ஒரு வார்த்தையைப் பார்த்து மனசுக்குள் வைத்துக்கொள்வீர்கள். நான் நெற்றியைத் தேய்த்து, கண்ணை மூடி, கொஞ்சம் வியர்த்து, அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவேன். நீங்கள் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பீர்கள். அது சாதாரணப் புத்தகம்தான். ஒன்றும் அகப்படாது.

உலகம் முழுக்க இதைச் செய்கிறார்கள். ஆனால் இந்த வித்தையின் நல்ல கதை, கெட்ட கதை இரண்டும் நடந்த ஊர் லண்டன். அதுவும் பஸ், ரயில் பிடித்து ஒரே நாளில் சுற்றி வந்துவிடக் கூடிய தூரத்துக்குள்.

சந்துக்குள் ஒரு சந்தை

முதலில் புத்தகம் வாங்க வேண்டும். பழைய புத்தகம் என்றால் சேரிங் கிராஸ் ரோடு. நம்ம மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்து போகுமுன் எப்படி இருந்ததோ, அப்படி ஒரு பெயர் அந்தத் தெருவுக்கு. இப்போது பாதிக் கடைகள் போய்விட்டன. ஒரு அமெரிக்க எழுத்தாளர் அம்மாள் கடிதம் எழுதி எழுதியே உலகப் புகழ் வாங்கிக் கொடுத்த 84-ம் நம்பர் புத்தகக்கடை இருந்த இடத்தில் இன்று பர்கர் விற்கிறார்கள். சுவரில் ஒரு பித்தளைத் தகடு மட்டும் பழசை ஞாபகப்படுத்துகிறது.

ஆனால் அந்தத் தெருவிலிருந்து கிளம்பி செயின்ட் மார்டின்ஸ் லேனுக்குப் போகும் ஒரு சின்னச் சந்து பிழைத்திருக்கிறது. பெயர் செசில் கோர்ட். வண்டி போகாது. இரண்டு பக்கமும் விக்டோரியா காலத்து மர முகப்போடு புத்தகக் கடைகள். 1764-ல் எட்டு வயசு மொஸார்ட் தன் குடும்பத்தோடு இந்தச் சந்தில்தான் வாடகைக்கு இருந்திருக்கிறான். நூறு வருஷத்துக்கு மேலாக இங்கே ஆன்மிகம், ஜோசியம், மறைஞானம் புத்தகங்கள் மட்டும் விற்கும் கடை ஒன்றும் இருக்கிறது. சீட்டுப் போட்டு எதிர்காலமும் சொல்கிறார்கள். கிளி மட்டும் இல்லை.

அங்கே ஒரு கடை வாசலில், மலிவுப் பெட்டியில், 2 பவுண்டுக்கு அகப்பட்டது ஒரு பழைய சமையல் புத்தகம். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சமையல் புத்தகம் வாங்குகிறவன் இட்லிப் படத்தையோ கேக் படத்தையோ பார்ப்பான். நானோ நேராக 108-ம் பக்கத்தைத் திறந்து, மேலிருந்து ஒன்பது வரி எண்ணி, முதல் வார்த்தையைப் பார்த்துவிட்டு "குடுங்க" என்றேன். அந்த வார்த்தை, வெங்காயம்.

ஏன் 108, ஏன் 9 என்பதைப் பிறகு சொல்கிறேன். அதுவரை பொறுக்க முடியாதவர்கள் வரிகளைத் தாண்டிப் போகலாம். தப்பில்லை.

சந்தின் மறுமுனையைத் தாண்டினால் செயின்ட் மார்டின்ஸ் லேனில் டியூக் ஆஃப் யார்க்ஸ் தியேட்டர். 1956-ல் நம்ம பி.சி. சர்க்கார் இங்கேதான் காட்சி நடத்தினார். அதற்கு முன்னோட்டமாக அந்த ஏப்ரலில் பி.பி.சி. டெலிவிஷனில் ஒரு பெண்ணை ரம்பத்தால் அறுத்தார். அறுத்த பிறகு அவளை எழுப்பிக் காட்டுவதற்குள் நேரம் முடிந்தது என்று நிகழ்ச்சியை முடித்துவிட்டார்கள். பெண் செத்தே போனாள் என்று நம்பி ஊரே போன் போட, பி.பி.சி.யின் லைன்கள் திணறிவிட்டன. வித்தை என்று தெரிந்தும் ஜனங்கள் பயந்தார்கள். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலைக்கு ஆகும்.

'சொல்லு', 'சட்டுனு சொல்லு'

செசில் கோர்ட்டிலிருந்து பீடி பற்றவைத்து அணைப்பதற்குள் லெஸ்டர் ஸ்குவேர் வந்துவிடும். அங்கே இப்போது ஓடியன் சினிமா தியேட்டர் நிற்கும் இடத்தில் முன்பு அல்ஹாம்ப்ரா என்ற பெரிய நாடகக் கொட்டகை இருந்தது. 1906-ல் அங்கே ஜான்சிக் தம்பதி வந்து லண்டனைக் கலக்கினார்கள். கணவர் ஜூலியஸ் ஜனங்களுக்கு நடுவே நடந்து போய், யார் எதை நீட்டினாலும் வாங்கிப் பார்ப்பார். மேடையில் இருக்கும் மனைவி ஆக்னஸ் அது என்ன என்று சொல்லிவிடுவார். ஷெர்லக் ஹோம்ஸை எழுதிய கானன் டாயிலே 'இது நிஜமான மன அலை' என்று நம்பினார். துப்பறியும் மூளையைக் கதாபாத்திரத்துக்குக் கொடுத்துவிட்டால் இப்படித்தான்.

1924-ல் ஜூலியஸே ஒரு லண்டன் பத்திரிகையில் குட்டை உடைத்தார். மன அலையும் இல்லை, மண்ணும் இல்லை. சங்கேதம். கேட்கும் கேள்வியின் முதல் வார்த்தை, கேட்கும் தோரணை, எல்லாமே ஒரு குறி.

நமக்கு இது புதுசா? பஸ் ஸ்டாண்டு ஓரம் ஒரு பையனைத் துணியால் மூடிப் படுக்க வைத்துவிட்டு, "ஐயா சட்டை என்ன கலரு? சொல்லு!" என்று கத்தும் மோடி வித்தைக்காரரைப் பார்க்காதவர்கள் யார்? "சொல்லு" என்றால் ஒன்று. "சட்டுனு சொல்லு" என்றால் வேறு. "பார்த்துச் சொல்லு" என்றால் இன்னொன்று. அல்ஹாம்ப்ராவில் டிக்கெட் விலை அதிகம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கிருந்து பத்து நிமிஷ நடையில் சேரிங் கிராஸ் ஸ்டேஷன். அதன் அடியில் சுரங்கப் பாதைக் கடைகளுக்கு நடுவே டேவன்போர்ட்ஸ் என்ற மாஜிக் கடை 1984 முதல் பல வருஷம் இருந்தது. 1898-ல் ஆரம்பித்த குடும்பக் கடை. இப்போது லண்டனைக் காலி செய்துவிட்டு நார்ஃபோக் பக்கம் போய்விட்டார்கள். சுரங்கத்துக்கு வருமுன் அந்தக் கடை எங்கே இருந்தது தெரியுமா? பிரிட்டிஷ் மியூசியத்துக்கு எதிரில்! தெருவின் ஒரு பக்கம், லட்சக்கணக்கான புத்தகங்களை அறிஞர்கள் மூக்குக் கண்ணாடியோடு வரி வரியாகப் படிக்கும் வட்ட மண்டபம். எதிர்ப்பக்கம், படிக்காமலே வார்த்தையைச் சொல்லும் வழியை விற்கும் கடை. எந்தப் பக்கம் கூட்டம் அதிகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தொழிலுக்கு ஒரு பாடப் புத்தகமே இருக்கிறது. டோனி கொரிண்டா என்ற லண்டன்காரர் பதின்மூன்று சின்னப் புத்தகங்களாக எழுதி, 1961-ல் ஒரே தொகுதியாக வந்தது. மனசைப் படிக்கப் பதின்மூன்று படிகள். அதில் ஒரு முழுப் படி புத்தக வித்தைக்கே. இன்றைக்கும் மேடை ஏறுகிறவர்கள் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

சரி, குட்டு

பொறுமையாகப் படித்து வந்தவர்களுக்கு இப்போது கூலி.

நண்பரிடம் மூன்று இலக்க எண் ஒன்றை எழுதச் சொல்லுங்கள். முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் வேறு வேறாக இருக்க வேண்டும். 752 என்று வைத்துக்கொள்வோம். அதைத் திருப்பிப் போட்டால் 257. பெரியதிலிருந்து சின்னதைக் கழித்தால் 495. இதையும் திருப்பிப் போட்டால் 594. இரண்டையும் கூட்டினால் 1089.

வேறு எண் போட்டுப் பாருங்கள். 831? கழித்தால் 693. திருப்பினால் 396. கூட்டினால் 1089. எதைப் போட்டாலும் 1089தான்! கழித்து வரும் விடையில் நடு இலக்கம் எப்போதும் 9. ஓர இலக்கங்கள் இரண்டையும் கூட்டினாலும் 9. அதனால் திருப்பிக் கூட்டும்போது வேறு விடை வர வழியே இல்லை. கழித்து 99 மட்டும் வந்தால் அதை 099 என்று எழுதச் சொல்லுங்கள். திருப்பினால் 990. கூட்டினால் பழைய குருடி, 1089.

பிறகு, "முதல் மூன்று இலக்கம் பக்கம், கடைசி இலக்கம் வரி. அந்த வரியின் முதல் வார்த்தையைப் பாருங்க" என்று சொன்னால், நண்பர் 108-ம் பக்கம் 9-வது வரிக்குத் தானாகவே போய் நிற்பார். நீங்கள் அங்கே முன்கூட்டியே போய்விட்டு வந்தவர். அவ்வளவுதான் சமாசாரம்.

இங்கிலீஷ்காரர்களுக்கு இல்லாத ஒரு தொந்தரவு நமக்கு உண்டு. தமிழில் வார்த்தைகள் ரயில் பெட்டி மாதிரி நீளம். வரி முடிவில் இடம் போதாமல் உடைந்து அடுத்த வரிக்குத் தொங்கும். ரொம்ப நேரம் நெற்றியைத் தேய்த்துவிட்டு, "உங்க மனசுல இருக்கிற வார்த்தை... 'டிருந்தான்'!" என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்? ஆகவே புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்த இடத்தில் முழு வார்த்தை இருக்கிறதா, படம் போடக்கூடிய வார்த்தையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 'ஆகையால்' உதவாது. 'யானை' அகப்பட்டால் விடாதீர்கள். வெங்காயமும் மோசமில்லை. "உரிக்க உரிக்க ஏதோ வருதே... கண்ணு வேற எரியுதே..." என்று ஐந்து நிமிஷம் ஓட்டலாம்.

கணக்கு வராத நண்பருக்கு இன்னொரு வழி. டேவிட் ஹாய் என்ற அமெரிக்கர் பெயரில் வழங்குவது. இரண்டு புத்தகம் வேண்டும். ஒன்று அவர் கையில், ஒன்று உங்கள் கையில். அவர் கையிலுள்ள புத்தகத்தில் ஒரு பக்கத்தை முன்பே பார்த்து வைத்திருப்பீர்கள். உங்கள் புத்தகத்தை விரலால் சரசரவென்று ஓட்டி அவரை "ஸ்டாப்" சொல்லச் சொல்லுங்கள். சொன்ன இடத்தில் நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்த்து, பக்க எண்ணைச் சொல்லுங்கள். உண்மை எண்ணை அல்ல, நீங்கள் படித்து வைத்த எண்ணை! முகத்தில் ஈ ஆடாமல் ஒரே ஒரு பொய். மானேஜரிடம் "பஸ் லேட் சார்" என்று சொல்லிப் பழகியவர்களுக்குக் கைவந்த கலை.

வண்டு

இதுவரை வேடிக்கை. இனிமேல் கொஞ்சம் மெதுவாக நடக்கலாம்.

பணக்காரக் கடைகள் நிறைந்த ஹானோவர் ஸ்குவேரில், அமானுஷ்ய விஷயங்களை விஞ்ஞான ரீதியில் ஆராய்வதற்காக 1882-ல் ஆரம்பித்த சங்கம் ஒன்று முன்பு இயங்கிவந்தது. நம்ம அடையாறுக்கும் அதற்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. 1884-ல் பிளாவட்ஸ்கி அம்மையாரின் அற்புதங்களைச் சோதிக்க ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்பவரை மெட்ராஸுக்கு அனுப்பி, 'எல்லாம் தந்திரம்' என்று மறுவருஷம் அறிக்கை போட்டது இந்தச் சங்கம்தான். நூறு வருஷம் கழித்து 1986-ல் அந்த அறிக்கையே சரியில்லை என்று அவர்கள் பத்திரிகையிலேயே ஒரு கட்டுரை வந்தது. வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

அந்தச் சங்கத்தின் காகிதங்களில் நம்ம புத்தக வித்தையின் இன்னொரு முகம் இருக்கிறது. முதல் உலகப் போர் நேரம். வீட்டுக்கு வீடு பிள்ளையைப் பறிகொடுத்திருந்தார்கள். கிளாடிஸ் ஆஸ்போர்ன் லெனர்ட் என்ற அம்மாள் செத்தவர்களோடு பேசுகிறேன் என்று சொன்னார். பேசுவதற்கு அத்தாட்சி, புத்தகம். 'உங்கள் வீட்டு அலமாரியில் இத்தனாவது தட்டு, இத்தனாவது புத்தகம், இந்தப் பக்கம். உங்கள் மகன் சொல்லும் செய்தி அங்கே இருக்கிறது.' பெற்றவர்கள் வீட்டுக்கு ஓடிப்போய்த் திறந்து பார்ப்பார்கள்.

க்ளென்கானர் பிரபுவின் மகன் எட்வர்ட், 1916 செப்டம்பரில் சாம் போர்க்களத்தில் செத்தான். வயசு 19. அடுத்த வருஷம் டிசம்பரில் அந்த அம்மாள் வழியாகச் செய்தி வந்தது: மூன்றாவது தட்டு, ஒன்பதாவது புத்தகம், 37-ம் பக்கம். எடுத்துப் பார்த்தால் அது மரங்களைப் பற்றிய புத்தகம். அந்த இடத்தில் மரப்பட்டைக்கு அடியில் துளை போடும் வண்டைப் பற்றி எழுதியிருந்தது. பிரபுவுக்குத் தன் காட்டு மரங்களை அரிக்கும் வண்டு ஒரு ஓயாத கவலை. அப்பாவின் வண்டுப் புலம்பல் பையனுக்கும் வீட்டில் மற்றவர்களுக்கும் பழைய கேலி. அந்த வரியைப் படித்தபோது அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தாயார் பமீலா 1921-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

அதே 1921-ல் ஆராய்ச்சிச் சங்கத்தின் திருமதி சிட்ஜ்விக், இந்த மாதிரி ஐந்நூறுக்கும் மேற்பட்ட செய்திகளை எடுத்து வைத்துக் கணக்குப் பார்த்தார். மூன்றில் ஒரு பங்கு சரியாகவோ ஏறக்குறைய சரியாகவோ இருந்தது. மீதி இல்லை. நம்புகிறவர்கள் அந்த ஒரு பங்கைக் காட்டினார்கள், நம்பாதவர்கள் மீதியைக் காட்டினார்கள். இன்றும் அப்படித்தான்.

எனக்குத் தோன்றுவது இது. நம் ஊரில் திருமுறைச் சுவடியில் கயிறு சாத்திப் பார்ப்பார்கள். கயிறு எந்த ஏட்டில் விழுகிறதோ அந்தப் பாட்டில் பதில். கும்பிட்டுவிட்டுத் திறக்கிறவர்கள், அங்கே என்ன இருந்தாலும் அதில் தன் கவலைக்கு ஒரு வரியைக் கண்டுபிடித்துக் கொள்கிறார்கள். அது அவர்களுக்கும் சாமிக்கும் நடுவில் உள்ள விஷயம். நடுவில் ஒருத்தர் கை நீட்டி உட்கார்ந்தால்தான் எனக்கு உதைக்கிறது.

லண்டனிலேயே அப்படி உதைத்தவர் ஒருவர் இருந்தார். ஜான் நெவில் மாஸ்கெலின். கடிகாரம் ரிப்பேர் செய்தவர். 1865-ல் ஆவி காட்டுவதாகச் சொல்லி ஊர் ஊராகச் சுற்றிய இரண்டு சகோதரர்களின் தந்திரத்தைக் கண்டுபிடித்து, அதையே தானும் மேடையில் செய்து காட்டிப் பெயர் வாங்கினார். பிறகு பிக்காடிலியில் எகிப்து ஹால் என்ற கட்டடத்தில் 1873 முதல் முப்பது வருஷம் வித்தை காட்டினார். 'நான் செய்வது தந்திரம். டிக்கெட் வாங்குங்கள், ஏமாறுங்கள், சந்தோஷமாக வீட்டுக்குப் போங்கள்' என்பதுதான் அவர் வியாபாரம். 1905-ல் அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள்.

கோட்டைக்குள் ஒரு குரல்

மாஸ்கெலின் ஒரு பக்கம், லெனர்ட் அம்மாள் ஒரு பக்கம் என்றால், இரண்டுக்கும் நடுவே வேலி மேல் உட்கார்ந்திருந்த ஒரு ஜோடியைப் பார்க்க டவர் ஆஃப் லண்டனுக்குப் போக வேண்டும். எல்லோரும் அங்கே கோஹினூரைப் பார்க்க க்யூவில் நின்றார்கள். 'அது எங்க ஊர்க் கல்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நான் மதிலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிட்னி பிடிங்டன் ஆஸ்திரேலியர். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் சாங்கி சிறைமுகாமில் ஜப்பானியர்களிடம் கைதி. பசியும் சாவுமாக இருந்த அந்த முகாமில், சக கைதிகளுக்குப் பொழுதுபோக, ரஸ்ஸல் பிராடன் என்ற நண்பரோடு சேர்ந்து மனசைப் படிக்கும் காட்சி ஒன்றை உருவாக்கினார். போர் முடிந்து மனைவி லெஸ்லியோடு அதே காட்சியை பி.பி.சி. ரேடியோவில் 1949-லும் 1950-லும் நடத்தினார். ஊரே ரேடியோ முன்னால் உட்கார்ந்தது.

ஒரு நிகழ்ச்சியில் லெஸ்லியை இந்த டவருக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். சிட்னி ஸ்டூடியோவில். அங்கே ஒரு புத்தகம், ஒரு பக்கம், ஒரு வரி தேர்ந்தெடுக்கப்பட்டது. இந்தக் கோட்டைக்குள்ளிருந்து லெஸ்லி தயங்கித் தயங்கி அந்த வரியைச் சொன்னார். எப்படி? சிட்னி 1991-ல் செத்தார், லெஸ்லி 2016-ல் செத்தார். இருவரும் சொல்லவே இல்லை. 'வித்தை' என்றும் சொல்லவில்லை, 'மன அலை' என்றும் சொல்லவில்லை. நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள் என்று ஒவ்வொரு தடவையும் விட்டுவிட்டார்கள்.

கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அப்படி விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு எனக்கு அன்றைக்கு ராத்திரியே பதில் கிடைத்தது.

ஈஸ்ட் ஹாம்

டவர் ஹில் ஸ்டேஷனில் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் ஏறினால் நேராக ஈஸ்ட் ஹாம். இறங்கி வெளியே வந்தால் தோசை வாசனை. கடைப் பெயர்கள் தமிழில். அங்கே ஒரு யாழ்ப்பாண நண்பர் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்.

இடியப்பம், சொதி, கத்தரிக்காய்க் குழம்பு. சாப்பாட்டுக்கு முன்னால் பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. சமையல் புத்தகத்தை வெளியே எடுத்தேன். நண்பரின் மகள் பத்தாவது படிக்கிறவள். செல்போன் கால்குலேட்டரில் கணக்குப் போட்டாள். பக்கத்தைத் திறந்தாள். நான் சுவரைப் பார்த்து நின்று கண்ணைக் கசக்கி, மூக்கை உறிஞ்சி, "வெங்காயம்" என்றேன். வீடு அதிர்ந்தது. "மாமா, இன்னொருக்கா!" என்று பிள்ளைகள் குதித்தார்கள்.

மூலையில் உட்கார்ந்திருந்த நண்பரின் தாயார் மட்டும் குதிக்கவில்லை. எண்பதை நெருங்கியவர். கிட்ட வரச்சொல்லிக் கையைக் காட்டினார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, உந்தப் புத்தகத்தில பாத்து எங்கட சின்னவன் இருக்கிறானோ எண்டு ஒருக்காச் சொல்ல ஏலுமோ?"

சின்னவன், நண்பரின் தம்பி. 2009-ல் முல்லைத்தீவுப் பக்கம் காணாமல் போனவர். செத்தார் என்றும் தகவல் இல்லை, இருக்கிறார் என்றும் இல்லை. படம் சுவரில் இருந்தது. மாலை போடவில்லை.

கையிலிருந்த புத்தகம் திடீரென்று கனத்தது. "நல்லா இருக்கார்மா" என்று சொல்லலாம். ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூங்குவார். மறுநாள் காலையிலிருந்து என்ன செய்வார்? அல்லது பிடிங்டன் மாதிரி சிரித்து மழுப்பிவிடலாம். அந்தக் கண்ணுக்கு முன்னால் மழுப்ப வரவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு பழைய கவரின் முதுகில் பேனாவால் கணக்கைப் போட்டுக் காட்டினேன். "அம்மா, இதில மந்திரம் ஒண்ணும் இல்லை. நீங்களே ஒரு நம்பர் சொல்லுங்க." சொன்னார். அவரையே கழிக்க வைத்தேன், கூட்ட வைத்தேன். ஊரில் பள்ளிக்கூட டீச்சராக இருந்தவராம். கணக்குச் சுத்தமாக வந்தது. 1089. நம்பாமல் இன்னொரு நம்பர் போட்டார். மறுபடி 1089. மூன்றாவது தடவை போட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்ப ஆர் கேட்டாலும் ஒரே விடைதான்" என்றார்.

"ஆமாம்மா."

"அது நல்லது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சொதி ஆறுது, சாப்பிடுங்கோ" என்றார்.

ஸ்டேஷன்வரை வந்த நண்பர் வழியில் சொன்னார். போன வருஷம் ஒருத்தர் போனிலேயே மை போட்டுப் பார்த்து, 'வடக்குத் திசையில் உயிரோடு இருக்கிறார், ஒரு பூஜை செய்தால் வந்துவிடுவார்' என்று அம்மாவிடம் 300 பவுண்டு கறந்துவிட்டாராம். அடுத்த தவணைக்கும் போன் வந்துகொண்டிருக்கிறதாம். "அம்மா இண்டைக்குத்தான் அந்த நம்பரை பிளாக் பண்ணச் சொன்னவ" என்றார்.

ரகசியம் காப்பவர்கள் சங்கம்

ஞாயிறு காலை, யூஸ்டன் ஸ்டேஷன் பின்னால் ஸ்டீவன்சன் வே என்ற அமைதியான சந்து. 12-ம் நம்பர் கட்டடம் மாஜிக் சர்க்கிளின் தலைமையகம். 1905-ல் ஸோஹோவில் ஒரு ஓட்டலில் கூடி ஆரம்பித்த மந்திரவாதிகள் சங்கம், 1998 முதல் இந்தக் கட்டடத்தில் இருக்கிறது. அவர்கள் கொள்கை லத்தீனில் இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், 'வாயைத் திறக்காதே.' வெளியாருக்கு ரகசியம் சொன்னால் சீட்டுக் கிழிந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், முதல் தலைவர் டேவிட் டெவான்ட்டையே ஒரு பத்திரிகையில் தன் வித்தைகளை எழுதினார் என்பதற்காக 1930-களில் வெளியேற்றிவிட்டார்கள். வயசாகி, உடம்பு முடியாமல் கிடந்த மனிதர். பிறகு சமாதானமாகி மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். நல்லவேளை, நான் மெம்பர் இல்லை.

இன்னொரு வேடிக்கை. 1991 வரை அங்கே பெண்களுக்கு இடமில்லை. சோஃபி லாய்ட் என்ற பெண் ஆண் வேஷம் போட்டு, ரேமண்ட் என்று பெயர் வைத்துக்கொண்டு, பரீட்சையும் பாஸ் செய்து மெம்பராகிவிட்டார். பெண்களைச் சேர்க்கலாம் என்று அவர்கள் முடிவு செய்தபோது வேஷத்தைக் கலைத்தார். 'ஏமாற்றிவிட்டாய்' என்று தூக்கிவிட்டார்கள்! ஏமாற்றுவதே தொழிலாக உள்ளவர்கள் சொன்ன காரணம் அது. 2025-ல் மன்னிப்புக் கேட்டு மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். மனசைப் படிக்கிறவர்கள் நிறைந்த சபையில், எதிரில் உட்கார்ந்திருப்பது ஆணா பெண்ணா என்று ஒருத்தருக்கும் படிக்கத் தெரியவில்லை பார்த்தீர்களா?

ஆனால் அந்தச் சங்கத்தில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 1914-ல் மாஸ்கெலின் தலைமையில் தனியாக ஒரு கமிட்டி போட்டார்கள். ஆவி, அமானுஷ்யம் என்று சொல்லித் தந்திரம் செய்கிறவர்களைச் சோதிப்பது அதன் வேலை. வித்தைக்காரன் வாயை மூடிக்கொள்ள வேண்டிய இடமும் உண்டு, திறக்க வேண்டிய இடமும் உண்டு என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது.

கதவு சாத்தியிருந்தது. சில நாட்கள் பொதுமக்களுக்குக் காட்சி உண்டு. அன்றைக்கு இல்லை. பரவாயில்லை என்று ஏர்போர்ட் ரயிலைப் பிடித்தேன்.

திங்கட்கிழமை ஆபீஸில் செய்து பார்க்கப் போகிறவர்களுக்கு மூன்று யோசனை. ஒன்று, ஒரே ஆளிடம் இரண்டாம் தடவை செய்யாதீர்கள், 1089 இளித்துவிடும். இரண்டு, ஆரம்பிக்கும்போதே 'இது வித்தை' என்று சொல்லிவிடுங்கள். சொன்னாலும் நம்ப மாட்டார்கள். சர்க்காரின் ரம்பத்தைப் பார்த்துப் போன் போட்டவர்கள் ஞாபகம் இருக்கட்டும். மூன்று, கைதட்டல் முடிந்ததும் யாராவது தனியாக வந்து ரகசியக் குரலில் ஏதாவது கேட்டால், பேனாவையும் பேப்பரையும் எடுத்துக் கணக்கைக் காட்டிவிடுங்கள். ஒரு வித்தை போனால் போகட்டும்.

மானேஜரிடம் செய்யலாமா என்றால், தாராளமாக. ஆனால் அவர் மேஜையில் இருக்கும் அட்டென்டன்ஸ் ரிஜிஸ்டரை வைத்து மட்டும் வேண்டாம். அதில் உங்கள் பெயருக்கு நேரே என்ன இருக்கிறது என்பதை அவரும் மனப்பாடமாக வைத்திருப்பார்.